துண்டின் பின்பக்கம்

அக்கராயன் பால் சேகரிப்பு நிலையத்தில்
பதினொரு வருசமாய் எழுதுகிறேன்:
பெயர், லீற்றர், கொழுப்பு, காசு.
இந்த நாலு பெட்டிக்குள் அடங்காத ஒரு சொல்லும்
என் கையால் வந்ததில்லை.
பொய்யும் வந்ததில்லை. பால்மானி விடாது.

நாற்பத்தாறு வயதில் ஒரு சனிக்கிழமை
கிளிநொச்சிக்கு பஸ் ஏறினேன்,
கவிதை எழுதப் பழக.
மகளுக்கு "வங்கிக்கு" என்று சொன்னேன்.
அதுதான் என் முதல் கற்பனை.

வகுப்பில் ஒன்பது பேர்.
ஓய்வுபெற்ற தபால்காரர்,
சலூன் வைத்திருக்கும் நிரோசன்,
கைக்குழந்தையோடு ஒருத்தி
(குழந்தைக்கு மட்டும்தான் கூச்சமில்லை).
படிப்பிக்கிற வாகினி
என் மகளைவிட ரெண்டு வயதுதான் மூப்பு.
எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல்
முதல் மாதம் முழுக்க
"இஞ்ச பாருங்கோ" என்றே கூப்பிட்டேன்.

நிலவை எழுதிக்கொண்டு போனேன்.
வெள்ளித்தட்டு, பால்வெள்ளை, அமுதமழை.
வாகினி வாசித்தா. பேனையைக் கீழே வைத்தா.
"அன்ரி, இதில தண்ணி கூட."

முகம் சுட்டது.
கானோடு நிற்கிற விசாகரத்தினத்துக்கு
காலையில் நான் சொல்கிற அதே வசனம்.
அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொல்லுகிற மறுமொழி
என் வாயில் தானாய் வந்தது:
"மாடு தண்ணி கூடக் குடிச்சிட்டுது."

அடுத்த கிழமைக்குத் தலைப்பு: கதவு.
ஆறு நாள் கதவைப் பார்த்தேன்.
வீட்டுத்திட்டத்துக் கதவு, வேப்பம்பலகை,
மாரியில் உப்பி இறுகும்,
காலால் ஒருக்கால் உதைக்கவேணும்.
அவ்வளவுதான். நாலு பெட்டியும் நிரம்பிவிட்டது.

வெள்ளி காலை
கொழுப்புப் பார்க்கிற மெசினுக்குக் கரண்ட் இல்லை.
வரிசை வெயிலில் நிற்க, அந்த அரைமணியில் வந்தது
கதவு இல்லாத காலம்.

தறப்பாளில் தட்ட ஏலாது.
தட்டினால் சத்தம் வராது, உள்ளே குழியும்.
அதால் சனம் செருமியது.
வெளியில் நின்று ஒரு செருமல், பிறகுதான் உள்ளே கால்.
அயல் தறப்பாள் கோணாமலை ரெண்டு தரம்,
அவர் மனிசி மூக்கால்,
சங்கக்கடைப் பொடியன் வண்டில் இழுக்கிறமாதிரி நீட்டி.
இருட்டிலும் ஆரென்று தெரியும்.
என் மனிசன் மட்டும் செருமுவதில்லை.
சொந்த வீட்டுக்கு என்னத்துக்கு என்பார்.
செருமல் இல்லாமல் தறப்பாள் அசைந்தால்
ஒன்று அவர், இல்லாட்டிக் காற்று.
கடைசி நாலு மாதமும் காற்றுத்தான்.

கொப்பி வீட்டில் கிடந்தது.
பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கவிழ்த்து
துண்டுக்கு ஒரு வரியாய் எழுதிப்போட்டேன்.
கரண்ட் வந்தது. வரிசை நகர்ந்தது.
பழக்கத்தில் கை
கிழித்துக் கிழித்துக் கொடுத்தது.

பின்னேரம் விசாகரத்தினம்
சைக்கிளில் திரும்பி வந்தார்.
துண்டை மேசையில் வைத்தார்.
"பிள்ளை, இதில மிச்சம் எங்க?"
ஒன்பது லீற்றர், மூன்று தசம் எட்டு.
கணக்கைத் திரும்பக் கூட்டினேன். சரி.
"காசு இல்லை."
துண்டைப் பிரட்டினார்.
செருமல் இல்லாமல் தறப்பாள் அசைந்தால்
"அசைஞ்சால்? பிறகு?"

மிச்சம் பூலோகத்தின் துண்டில் போய்விட்டது,
அவர் அதில் வெற்றிலையும் மடித்திருப்பார்.
நாளை வகுப்பு.
திரும்ப எழுதினால்
அதே வரி வருமோ தெரியாது,
வேறொன்று வந்தாலும் வரட்டும்.
பால்மானியைக் கழுவி வைத்தேன்.

விசாகரத்தினம் போகவில்லை.
வெறுங்கானைக் கவிழ்த்து அதில் குந்தினார்.
ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பிறகு, மெல்ல,
ஒருக்கால் செருமினார்.